சவரக்கத்திக்குச் சிலேட்டுக் கல்: அறுப்பதும் பதம் பார்ப்பதும்

சிலேட்டில் எழுதிப் பழகியவர்களுக்கு இது நினைவிருக்கும். குச்சி வழவழவென்று எழுதிக்கொண்டே போகும், திடீரென்று ஓரிடத்தில் எழுத்தே விழாமல் 'கிரீச்' என்று கீறல் மட்டும் விழும், பக்கத்தில் இருப்பவனுக்கும் பல் கூசும். குச்சிக்குள் கெட்டியான துகள் ஒன்று மாட்டிக்கொண்டிருக்கும், அவ்வளவுதான். தரையில் தேய்த்து அந்த முனையைக் கழித்துவிட்டு மறுபடி எழுதுவோம். சவரக்கத்தி தீட்டுவதற்காகச் சிலேட்டுப் பாறையை அறுத்துச் சோதிப்பவர்கள் தேடுவதும் இதே துகளைத்தான். கல் எவ்வளவு நைஸ் என்பதெல்லாம் அப்புறம்.

சும்மா ஒப்புமைக்காகச் சொல்லவில்லை. ஜெர்மனியின் தூரிங்கியா மலைப்பகுதியில் உள்ள ஸ்டைனாக், சிலேட்டுக் குச்சிக்குப் பேர்போன ஊர். சவரக்கத்திப் பிரியர்கள் இன்றும் தேடி அலையும் தீட்டுக்கற்கள் வந்ததும் அதே வட்டாரத்துப் பாறையிலிருந்துதான். பக்கத்தில் ஸோனபெர்கில் இருந்த எஷர் நிறுவனம் லேபிள் ஒட்டி அவற்றை வெளிநாடுகளுக்கெல்லாம் அனுப்பியது. மஞ்சள் கலந்த பச்சை, வெளிர்பச்சை, நீலப்பச்சை, கருநீலம் என்று நிறம் பிரித்து விற்றார்கள். லேபிள் கிழியாத பழைய எஷர் கல்லின் விலையைக் கேட்டால் தலை சுற்றும். அந்த விலை கொடுக்க முடியாதவர்கள்தான் வேல்ஸ் நாட்டு ஊதாச் சிலேட்டு மாதிரியான பாறைகளை வாங்கித் தாங்களே அறுத்துப் பார்க்கிறார்கள்.

சிலேட்டு முதலில் வெறும் சேறு. வேல்ஸ் ஊதாப் பாறை என்றால், சுமார் 50 கோடி ஆண்டுகளுக்கு முன் கடலடியில் படிந்த களிமண்ணும், கண்ணுக்குத் தெரியாத மணல்பொடியும். பிறகு கண்டங்கள் மோதிக்கொண்டபோது பக்கவாட்டில் நெருக்குண்டு, சூடேறி, களிமண் எல்லாம் மைக்கா, குளோரைட் என்று ஏடு ஏடான கனிமங்களாக மாறியது. நெருக்கிய திசைக்குக் குறுக்கே அந்த ஏடுகள் சீட்டுக்கட்டு மாதிரி ஒரே வாக்கில் படுத்துக்கொண்டன. அதனால்தான் மெல்லிய உளியை வைத்துத் தட்டினால் பாறை பலகை பலகையாகப் பிளக்கிறது. ஆனால் சேறு படிந்த வரிசை வேறு, பாறை பிளக்கும் வரிசை வேறு. கல் அறுப்பவன் ஏமாறுவது பெரும்பாலும் இங்கேதான்.

இந்தப் பிளவு எப்படி வந்தது என்பதை 1853இல் விளக்கியவர் ஆங்கிலேய நிலவியலாளர் ஹென்றி கிளிஃப்டன் ஸார்பி. ஊதாச் சிலேட்டில் பச்சைப் புள்ளிகள் இருக்கும். அவை முதலில் உருண்டையாக இருந்து நெருக்கத்தில் நசுங்கியவை என்று பிடித்து, பாறை எவ்வளவு அமுங்கியது என்று கணக்குப் போட்டார். அவர் ஊர் ஷெஃபீல்டு, சவரக்கத்திக்கு உலகப் பெயர் வாங்கிய ஊர். குடும்பத் தொழிலும் வெட்டுக்கருவி செய்வதுதான். பத்தாண்டு கழித்து எஃகுத் துண்டை மெருகேற்றி, அமிலம் பட வைத்து, நுண்ணோக்கியில் பார்த்தவரும் இவரேதான். கல்லையும் கத்தியையும் இப்படி ஒரே ஆள் உள்ளே புகுந்து பார்த்தது எனக்கு ரொம்பப் பிடித்த விஷயம்.

சரி, கல் எஃகை எப்படித் தேய்க்கிறது? மைக்கா நகத்தால் கீறுமளவு மெத்தென்றது, அதால் எஃகை ஒன்றும் செய்ய முடியாது. வேலை செய்வது நடுவே பதிந்திருக்கும் குவார்ட்ஸ் துகள், அதாவது அந்த மணல்பொடி. கனிமங்களின் கடினத்தை 1 முதல் 10 வரை வரிசைப்படுத்தும் மோஸ் அளவில் அதன் கடினம் 7, கத்தி எஃகு அதற்குச் சற்றுக் கீழே. இங்கே ஒரு சந்தேகம் வரும். தலைமுடி 50 முதல் 100 மைக்ரான் (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு ஒரு மைக்ரான்) தடிமன், நன்றாகத் தீட்டிய சவரக்கத்தியின் விளிம்போ ஒரு மைக்ரானுக்கும் குறைவு. பல மைக்ரான் பருமனுள்ள துகள் எப்படி அவ்வளவு மெல்லிய விளிம்பைத் தரும்? துகளின் பருமன் அல்ல, அது வெளியே நீட்டியிருக்கும் உயரம்தான் கீறலின் ஆழத்தைத் தீர்மானிக்கிறது. மண்சாலையில் புதைந்த பாறாங்கல் எவ்வளவு பெரிதானால் என்ன, மண்டை மட்டும் தெரிந்தால் சைக்கிள் போய்விடும். எஃகு உரசி உரசி அந்த மண்டைகள் மழுங்க, அதே கல் மெதுவாகவும் நைஸாகவும் மாறும். கல்லின் முகத்தை நாம் எப்படித் தேய்த்து வைத்தோம் என்பதிலேயே பாதி விஷயம் அடங்கிவிடுகிறது.

அறுக்க வைர வில்லை, கூடவே தண்ணீர். காய்ந்த சிலேட்டை அறுத்தால் பறக்கும் தூசியில் சிலிக்கா இருக்கிறது, நுரையீரலுக்குள் போனால் போனதுதான். தண்ணீர் விட்டாலும் முகமூடி போடுங்கள். கல்லின் முகம் பிளவுத் தளத்துக்கு இணையாக வர வேண்டும், அப்போதுதான் ஏடுகள் மல்லாந்து படுத்திருக்கும். சாய்ந்தால் ஏடுகளின் ஓரம் மேலே வந்து உதிரத் தொடங்கும். முகத்தின் குறுக்கே வேறு நிறத்தில் பட்டை ஓடினால் உஷார்: அது சேறு படிந்த காலத்து அடுக்கு, வெள்ளம் கொண்டுவந்த பருமணல் அதில் இருக்கலாம். அந்தப் பட்டை அழகாக வேறு இருக்கும், விற்பவரும் அதையே காட்டி விற்பார்! அப்புறம் பென்சிலால் கட்டம் போட்டு, கண்ணாடிமேல் சிலிக்கான் கார்பைடு பொடியும் தண்ணீரும் விட்டுக் கட்டம் மறையும் வரை தேய்த்தால் முகம் மட்டமாகிவிடும்.

சோதனை காதில் தொடங்குகிறது. மண்பானை வாங்கும்போது சுண்டிப் பார்ப்பதுபோல் கல்லை விரலில் தொங்கவிட்டுத் தட்டினால் 'ணங்' என்று கேட்க வேண்டும், 'டொக்' என்றால் உள்ளே விரிசல். அடுத்து, அதே பாறையின் சிறு துண்டை ஈரத்தோடு கல்லின் முகத்தில் தேய்த்துக் குழம்பு எடுங்கள். அதில் ஒரு துளியை முன்பற்களுக்கு இடையே வைத்து நெரித்துப் பார்ப்பது நிலவியலாளர்கள் களத்தில் செய்யும் பழைய வழி. களிமண் வழுக்கும், மணல் நறநறக்கும்.

பிறகு எஃகு. கண்ணாடிபோல் மெருகேற்றிய எஃகுத் துண்டை 20 முறை தேய்த்து உருப்பெருக்கியில் பார்த்தால், சீரான மூட்டம் தெரிவது நல்ல கல். மூட்டத்தின் நடுவே ஒற்றை ஆழக் கோடு தெரிந்தால் நாம் தேடும் ஆள், அந்தக் கெட்டித் துகள், உள்ளே இருக்கிறான். கத்தியை வைத்துப் பார்க்கும்போது நான் விளிம்பில் பாதியை மட்டும் தீட்டுகிறேன். மறுபாதி பழைய கல்லில் முடித்த பதத்திலேயே இருக்கும், இல்லாவிட்டால் புதுக்கல் ஆசையில் மனசு பொய் சொல்லும். குழம்பில் கொஞ்ச நேரம், பிறகு அதை நீர்க்க விட்டு, கடைசி 50 தடவை வெறும் தண்ணீரில், கத்தியின் சொந்தக் கனத்தோடு மட்டும். குழம்பிலேயே முடித்தால் உதிர்ந்த துகள்கள் எதிர்வந்து விளிம்பில் மோதி அதை மழுக்கும். பிறகு தோல் வாரில் இழுத்து, ஒரு கன்னத்துக்கு ஒரு பாதி என்று சவரம் செய்து ஒப்பிடுவேன்.

என்னிடம் ஓர் ஊதாக் கல் இருக்கிறது. பல் சோதனை, எஃகுத் துண்டு எல்லாவற்றிலும் தேறிய கல். கத்தியில் 30ஆவது இழுப்பில், ஒரு மூலையைத் தாண்டும்போது 'டிக்'. திரும்ப இழுத்தால் அதே இடத்தில் மறுபடி 'டிக்'. உருப்பெருக்கியில் விளிம்பில் கடித்த மாதிரி ஒரு பள்ளம். கல்லை வெயிலில் சாய்த்துப் பிடித்தபோது கடுகில் பத்தில் ஒரு பங்குகூட இல்லாத ஒரு மினுக்கு. கெட்டி ஊசியால் அதைச் சுற்றித் தோண்டி எடுத்தேன், அரை மணி நேரம் ஆனது. இப்போது அந்த இடத்தில் குழி இருக்கிறது, மேட்டைப்போல் குழி விளிம்பைக் கடிக்காது, கத்தி அதன்மேல் சத்தமில்லாமல் கடந்துபோகிறது.