சார்ஜர் விலையைக் கேட்கும் முன் ஃபீடரைக் கேளுங்கள்

நெடுஞ்சாலை ஓரம் நிலமோ பெட்ரோல் பங்கோ வைத்திருப்பவர்கள் இப்போது அடிக்கடி விசாரிப்பது மின்சார லாரிகளுக்கான சார்ஜிங் நிலையத்தைப் பற்றித்தான். சார்ஜர் என்ன விலை, மானியம் உண்டா, போட்ட பணம் எப்போது திரும்பும் என்று கேட்பார்கள். எச்.டி. (உயர் அழுத்த மின்) இணைப்பு வேலைகளிலேயே இருப்பவன் என்பதால் நான் திருப்பிக் கேட்பது வேறு. உங்கள் இடத்துக்கு எந்தத் துணை மின்நிலையத்திலிருந்து, எந்த ஃபீடரில் (அங்கிருந்து வெளியே போகும் மின் லைன்) கரண்ட் வருகிறது? பெரும்பாலும் பதில் வராது.

சென்னை–பெங்களூரு சாலையையே எடுத்துக்கொள்வோம். சுமார் 350 கிலோமீட்டர். 55 டன் இழுக்கும் மின்சார லாரியில் 300 யூனிட் அளவுக்கு பேட்டரி இருக்கிறது என்றும், முழு லோடில் கிலோமீட்டருக்கு ஒன்றரை யூனிட் செலவாகும் என்றும் வைத்தால் மொத்தம் 525 யூனிட் வேண்டும். வழியில் ஒரு முறையாவது நன்றாகச் சார்ஜ் ஏற்றாமல் ஊர் போய்ச் சேராது.

இது சமதளக் கணக்கு. பெங்களூரு கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 900 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. 55 டன்னை அந்த உயரத்துக்குத் தூக்க மட்டுமே 135 யூனிட் ஆகும். அதிலும் கிருஷ்ணகிரியிலிருந்து ஓசூர் போவதற்குள், ஐம்பது கிலோமீட்டர் சொச்சத்தில், சுமார் 400 மீட்டர் ஏற்றம். இறங்கும்போது பிரேக்கில் கொஞ்சம் திரும்பக் கிடைக்கும். ஏறும்போது கையில் இருந்தாக வேண்டும். சேலம் பக்கமிருந்து வரும் லாரிகளும் கிருஷ்ணகிரியில் வந்து சேர்ந்து இதே ஏற்றத்தைத்தான் ஏறுகின்றன. ஆக, சார்ஜிங் லோடு சாலை நெடுகச் சீராகப் பரவாது. கிருஷ்ணகிரி சுற்றுவட்டாரத்தில்தான் குவியும் என்பது என் கணிப்பு.

அங்கே 240 கிலோவாட் சார்ஜர் பத்து வைத்தால் 2.4 மெகாவாட். 11 கே.வி. லைன் ஒன்றில் 200 ஆம்பியர் ஓடினால் அது தாங்குவது 3.8 எம்.வி.ஏ., கிட்டத்தட்ட அத்தனை மெகாவாட். அதாவது ஒரே நிலையம் ஒரு ஃபீடரின் பெரும்பகுதியை விழுங்கிவிடும். அந்த ஃபீடர் சும்மாவா இருக்கிறது? கிராமங்கள், பம்ப்செட்டுகள், சீசனில் இரவு பகலாக ஓடும் மாம்பழக்கூழ் ஆலைகள் எல்லாம் ஏற்கெனவே அதில்தான் தொங்குகின்றன. ஐரோப்பிய ஒன்றியம் 2023-இல் கொண்டுவந்த சட்டப்படி, 2030-க்குள் முக்கியச் சாலைகளில் 60 கிலோமீட்டருக்கு ஒரு இடத்தில், ஒவ்வொரு திசைக்கும், லாரிகளுக்கென 3,600 கிலோவாட் தயாராக இருக்க வேண்டும். நம் கணக்கில் சொன்னால், ஒவ்வொரு நிலையத்துக்கும் ஏறக்குறைய ஒரு முழு ஃபீடர்.

எனவே துணை மின்நிலையத்திலிருந்து தனி ஃபீடர் இழுக்க வேண்டியிருக்கும். அங்குள்ள டிரான்ஸ்ஃபார்மரே முக்கிக்கொண்டிருந்தால் அதையும் பெரிதாக்க வேண்டும். புது 110 கே.வி. துணை மின்நிலையம்தான் வழி என்றால் நிலம், டவர் லைன், ஒப்புதல் என்று வருடக்கணக்கில் ஓடும். லாரி அப்படியில்லை, சில மாதத்தில் வந்து நின்றுவிடும். மத்திய அரசின் பி.எம். இ-டிரைவ் திட்டத்தில் ஒரு லாரிக்கு 9.6 லட்சம் ரூபாய் வரை ஊக்கத்தொகை என்று 2025 ஜூலையில் அறிவித்தார்கள். நல்ல விஷயம்தான். ஆனால் வாங்குபவரின் வேகத்துக்கு லைன் வேலை நடக்காது. அதனால் எந்த இடத்தில் எத்தனை மெகாவாட் வரப்போகிறது என்பதை விண்ணப்பம் வருவதற்கு முன்பே ஊகித்து வேலையைத் தொடங்குவதுதான் மின்வாரியத்துக்கும் மலிவு.

நேரம் இன்னொரு பக்கம். மத்திய மின் அமைச்சகத்தின் 2024 வழிகாட்டுதல்படி, சார்ஜிங் நிலையத்துக்கான கட்டணம் காலை 9 முதல் மாலை 4 வரை சராசரி வழங்கல் செலவில் (ஒரு யூனிட்டை வழங்க மின்வாரியத்துக்குச் சராசரியாக ஆகும் செலவு) 0.7 மடங்கு, மற்ற நேரத்தில் 1.3 மடங்கு. வெயில் நேரத்தில் சூரிய மின்சாரம் ஏராளமாக இருப்பதால் இந்த ஏற்பாடு. சென்னைக்குள் பகலில் கனரக வாகனங்களுக்குக் கட்டுப்பாடு இருப்பதால் ஸ்ரீபெரும்புதூர் பக்கம் லாரிகள் எப்படியும் காத்துக் கிடக்கின்றன. அந்தக் காத்திருப்பிலேயே மெதுவான சார்ஜரில் மலிவாக ஏற்றிக்கொள்ளலாம். அதற்குப் பெரிய லைனும் தேவையில்லை. கிருஷ்ணகிரியில் இரவு லாரிகள் மொத்தமாக வந்து நிற்கும் என்றால், பகலில் நிரப்பி வைக்கும் பேட்டரிக் கிடங்கு ஒன்று இருந்தால் காண்ட்ராக்ட் டிமாண்டை, அதாவது மின்வாரியத்திடம் ஒப்பந்தம் போடும் உச்ச லோடை, குறைத்துக்கொள்ளலாம்.

இடம் பார்ப்பவர்களுக்கு நான் சொல்வது இதுதான். முதலில் பக்கத்துத் துணை மின்நிலையத்துக்குப் போய் டிரான்ஸ்ஃபார்மர் கொள்ளளவையும், போன கோடையில் அது தொட்ட உச்ச லோடையும் விசாரியுங்கள். புது ஃபீடரை இணைக்க ஒரு பே (லைன் கிளம்பும் இடம்) காலி இருக்கிறதா என்றும் கேளுங்கள். முதல் வருடத் தேவையோடு ஐந்தாம் வருடத் தேவையையும் எழுதிக் கொடுங்கள். இரண்டு சார்ஜருக்கு மட்டும் கேட்டுவிட்டு, பிறகு எட்டு வைக்கப்போனால் கேபிளையே மாற்ற வேண்டிவரும். அப்புறம், துணை மின்நிலையம் சாலைக்கு எந்தப் பக்கம் என்பதும் முக்கியம். எதிர்ப்பக்கம் என்றால் நெடுஞ்சாலையைக் குறுக்கே துளைத்துக் கேபிள் கொண்டுபோகத் தனி அனுமதி வாங்க வேண்டும். சாலை விரிவாக்க வேலை நடக்கும் இடங்களில், தோண்டும்போதே கேபிளுக்காக நாலு குழாய் புதைத்துவிட்டால் அந்தச் செலவு வெகுவாகக் குறையும்.