குச்சி ஐஸும் ஆர்க்டிக் கடலும்

குச்சி ஐஸை உறிஞ்சிக்கொண்டே இருந்தால் நிறமும் இனிப்பும் முதலில் வந்துவிடும், கடைசியில் குச்சியில் மிஞ்சுவது ருசியே இல்லாத வெள்ளைக் கட்டி. ஐஸ்காரர் ஏமாற்றிவிட்டார் என்று சின்ன வயதில் நினைத்திருக்கிறேன். பாவம் அவர். தண்ணீர் உறையும்போது வேறு எதையும் தன் படிகத்துக்குள் சேர்த்துக்கொள்ளாது. சர்க்கரையும் சாயமும் படிகங்களுக்கு நடுவே உள்ள சந்துகளில் பாகாக ஒதுங்கி நிற்கும், நாம் உறிஞ்சுவது அந்தப் பாகைத்தான். ஆர்க்டிக் கடலில் நடப்பதும் இதே கதை, சர்க்கரைக்குப் பதில் உப்பு.

ஏரி உறைவது சுலபம். நன்னீர் 4 டிகிரி செல்சியஸில்தான் அதிகக் கனமாக இருக்கும், அதற்கும் கீழே குளிர்ந்தால் லேசாகி மேலேயே நின்றுவிடும், ஆகவே மேலடுக்கு மட்டும் பூஜ்யத்துக்கு வந்தாலே பாலில் ஏடு கட்டுவது போலக் கட்டிக்கொள்ளும். சைபீரியாவின் பைக்கால் ஏரி 1,642 மீட்டர் ஆழம். அதுவும் ஜனவரி வாக்கில் இப்படித்தான் மூடிக்கொள்கிறது. கடல்நீர் அப்படியில்லை. உறையும் வரை கனத்துக்கொண்டே போகும், குளிர்ந்தது கீழே இறங்க, அடியிலிருந்து குளிராத நீர் மேலே வர, தடிமனான ஓர் அடுக்கே ஆறின பிறகுதான், அதுவும் மைனஸ் 1.8 டிகிரியில், உறைய ஆரம்பிக்கும்.

முதலில் தண்ணீரில் பொடிப்பொடியாக ஊசிகளும் சில்லுகளும் மிதக்கும். அவை சேர்ந்து கூழான இடத்தில் கடல் எண்ணெய் கொட்டினது மாதிரி மங்கித் தெரியும். அலை இருந்தால் கூழ் வட்ட வட்டமாகத் திரண்டு, ஒன்றோடொன்று இடித்து, ஓரம் தூக்கிக்கொள்ளும். ஆங்கிலேயர் இதற்குப் பான்கேக் என்று பெயர் வைத்தார்கள், ஓரத்தைப் பார்த்தால் எனக்கு ஆப்பம் என்றுதான் சொல்லத் தோன்றுகிறது. அப்புறம் ஆப்பங்கள் ஒட்டிக்கொண்டு ஒரே தளமாகி, அடிப்பக்கமாகத் தடிக்கும்.

அந்தத் தளத்துக்குள் சந்துகளில் மாட்டிய உப்புநீர் மெல்ல மெல்லக் கீழே வடியும். கடல்நீரில் கிலோவுக்குச் சுமார் 35 கிராம் உப்பு. ஒரு குளிர்காலம் கடந்த பனிக்கட்டியில் 4 முதல் 6 கிராம்தான் தங்கும். வடிந்த நீர் மிகக் கனமானது, நேராக ஆழத்துக்கு இறங்கும். அண்டார்க்டிகாவைச் சுற்றி இப்படி இறங்கும் நீர்தான் உலகக் கடல்களின் அடித்தளத்தில் வெகுதூரம் பரவுகிறது.

மேலே பனி பெய்தால் கட்டி இன்னும் சீக்கிரம் தடிக்கும் என்றுதானே தோன்றும்? பெய்த பனிக்குள் காற்று நிறைய, அது கம்பளி போர்த்தின மாதிரி கடலின் வெப்பத்தை வெளியே விடாது, அடியில் தடிப்பது மந்தமாகிவிடும். ஆனால் அண்டார்க்டிகாவில் பனிச்சுமை ஏறி ஏறிக் கட்டியையே நீர்மட்டத்துக்குக் கீழே அழுத்திவிடுவதும் உண்டு. அப்போது கடல்நீர் மேலே ஏறிப் பனியை ஊறவைத்து, அதுவும் உறைந்து, கட்டி மேல்பக்கமாக வளரும்.

கோடையில் மேலே உருகும் நீர் சந்துகள் வழியே இறங்கி, மிச்ச உப்பையும் அலசிவிடும். இரண்டு மூன்று கோடை தாண்டிய கட்டியின் மேற்பகுதி குடிக்கவே ஆகும். ஆர்க்டிக் கரையோரம் வாழும் இன்யூட் பழங்குடி மக்கள் நீலம் பாரித்த பழைய கட்டியாகப் பார்த்து வெட்டி எடுப்பது அதனால்தான். புதுக் கட்டியை உருக்கினால் டீ போடக்கூட முடியாது.