பாத்கீர்: காற்றைப் பிடிப்பதா, வாங்குவதா?

ஈரானின் நடுப்பகுதியில், கவீர் பாலைக்கும் லூத் பாலைக்கும் இடையே இருக்கிறது யஸ்த் நகரம். 2017இல் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்தது. அதன் படத்தை முதன்முறை பார்ப்பவர், மண்நிறக் கூரைகளுக்கு மேல் வரிசையாக நிற்பவற்றைப் புகைபோக்கி என்றுதான் நினைப்பார். ஆனால் அவை வீட்டுக்குள் காற்றைக் கொண்டுவருபவை. பாரசீகத்தில் அவற்றின் பெயர் பாத்கீர்.

பாத் என்றால் காற்று. பழைய ஈரானிய மொழிகளில் இது வாத என்று இருந்தது. சமஸ்கிருதத்தின் வாத என்பதும் இதே வேரிலிருந்து வந்ததுதான். அதாவது மூட்டுவாதம் என்று நாம் சொல்லும்போது வருகிற வாதமும் யஸ்த் நகரத்துப் பாத்தும் தூரத்து உறவு. (ஐதராபாத்தில் இருப்பது வேறு. அது ஆபாத், குடியேறிய இடம். இரண்டையும் குழப்பிக்கொள்ள வேண்டாம்.)

கீர் என்பது கெரெஃப்தன் என்ற வினையிலிருந்து வருவது. பிடித்தல், எடுத்தல், பெறுதல் எல்லாம் அதன் பொருள்கள். நமக்கும் இது புதிதல்ல. உலகைக் கைப்பற்றியவர் ஜஹாங்கீர். ஜா என்றால் இடம், இடத்தைப் பிடித்து வைத்திருப்பது ஜாகீர். செங்கல்பட்டுச் சீமையே ஒரு காலத்தில் கம்பெனியின் ஜாகீராக இருந்தது. பாத்கீர் என்ற சொல் பாரசீக வளைகுடாவைத் தாண்டிப் போய் அரபுக் கரையில் பார்ஜீல் ஆனது. துபாயின் பழைய பஸ்தகியா பகுதியில் நிற்கும் காற்றுக் கோபுரங்கள், ஈரானின் பஸ்தக் பக்கத்திலிருந்து வந்த வணிகர்கள் கூடவே கொண்டுவந்தவை.

சரி, தமிழில் என்ன சொல்வது? அதற்கு முன், இது என்ன வேலை செய்கிறது என்று பார்த்துவிட வேண்டும். கோபுரத்தின் தலையில் நெடுக்குவாட்டில் திறப்புகள் இருக்கும். உள்ளே மண்கல் தடுப்புகள் கோபுரத்தைத் தனித்தனிக் குழல்களாகப் பிரித்திருக்கும். காற்று அடிக்கும் பக்கத்துக் குழல் வழியாக அது கீழே இறங்கும். அறைக்குள் இருக்கும் சூடான காற்று எதிர்ப்பக்கத்துக் குழல் வழியாக மேலேறி வெளியே போகும். இறங்குகிற இடத்தில் ஒரு தண்ணீர்த் தொட்டி இருந்தால், நீர் ஆவியாகும்போது காற்றின் சூட்டையும் கொஞ்சம் எடுத்துக்கொள்ளும். மலையடிவாரத்திலிருந்து பூமிக்கடியில் நீரைக் கொண்டுவரும் கனாத் கால்வாய் வீட்டின் அடியில் ஓடினால் இன்னும் நல்லது. காற்றே இல்லாத நாளிலும் வேலை நிற்காது. வெயிலில் சுட்ட கோபுரத்துக்குள் காற்று சூடாகி மேலே போகும், அந்த இடத்தை நிரப்ப முற்றத்து நிழலிலிருந்தோ நிலவறையிலிருந்தோ குளிர்ந்த காற்று வரும்.

எல்லாப் பாத்கீரும் ஒன்றுபோல் இருப்பதில்லை. பக்கத்து ஊரான மேய்போதில் ஒரே திசையைப் பார்த்தவை அதிகம். யஸ்திலோ பல திசைக்கும் வாய் வைத்துக் கட்டுவார்கள். தௌலதாபாத் தோட்டத்து மண்டபத்தின் மேல் 33 மீட்டருக்கும் கூடுதலான உயரத்தில் நிற்பது எண்கோணப் பாத்கீர். குடிநீர்த் தேக்கங்களுக்கும் பாத்கீர் உண்டு. ஆறு பாத்கீர் வைத்த ஒரு தேக்கத்துக்கு அதுவே பெயராகிவிட்டது. கோபுரச் சுவரிலிருந்து நீட்டிக்கொண்டிருக்கும் மரக்கழிகள் வெறும் அலங்காரமல்ல. சுவரை இறுக்கிப் பிடிப்பதும், பூச்சு வேலைக்கு ஏறுகிறவருக்குச் சாரமாவதும் அவைதான்.

இப்போது பெயருக்கு வருவோம். ‘காற்றுக் கோபுரம்’ வடிவத்தைச் சொல்கிறது, வேலையைச் சொல்லவில்லை. ஆரல்வாய்மொழிப் பக்கம் போய் அந்தச் சொல்லைச் சொன்னால் காற்றாலையைத்தான் காட்டுவார்கள். ‘காற்றுப் பிடிப்பான்’ நேர் மொழிபெயர்ப்பு. ஆனால் பிடித்து அடைத்து வைப்பது போலிருக்கிறது, உள்ளே வந்தது வெளியே போகிற சங்கதி அதில் இல்லை.

நம்மிடம் பழைய சொல் இருக்கிறதே என்று சிலர் காலதரைக் கொண்டுவருவார்கள். கால் என்றால் காற்று, அதர் என்றால் வழி. சிலப்பதிகாரத்தில் மான்கண் போன்ற காலதர்கள் வருகின்றன. அருமையான சொல்தான், போர்த்துகீசிய ஜன்னலிடம் அதை நாம் இழந்ததில் எனக்கும் வருத்தம் உண்டு. இருந்தாலும் அது சுவரில் இருக்கும் சாளரம், கூரைமேல் நிற்கும் கோபுரமல்ல.

நெடுநல்வாடையில் இதைவிடப் பொருத்தமான ஒன்று கிடைக்கிறது: ‘வேனிற்பள்ளித் தென்வளி தரூஉம் நேர்வாய்க் கட்டளை’. கோடையில் உறங்கும் அறை, அதற்குத் தென்றலைத் தரும் சாளரம். யஸ்த் வீடுகளிலும் முற்றத்தின் தெற்கே, வெயிலுக்கு முதுகைக் காட்டிய கோடைப்பகுதி தனியாக உண்டு. தாபெஸ்தான்நிஷீன் என்பார்கள், கோடை இருப்பிடம். பாத்கீர் காற்று வந்து இறங்குவது அங்கேதான். தாபெஸ்தான்நிஷீனுக்கு வேனிற்பள்ளி என்று கண்ணை மூடிக்கொண்டு எழுதலாம்.

பாத்கீருக்கு என் தேர்வு ‘காற்றுவாங்கி’. கடற்கரைக்குக் காற்று வாங்கப் போகிறோம், மொட்டைமாடியில் காற்று வாங்குகிறோம். பேச்சில் ஏற்கெனவே இருக்கும் சேர்க்கை இது. ஒலிவாங்கி என்று மைக்குக்குச் சொல்கிற அதே அமைப்பு. கெரெஃப்தனுக்குள் இருக்கும் ‘பெறுதல்’ என்ற பொருளும் விடுபடவில்லை. வாங்குதலுக்கு வளைத்தல், இழுத்தல் என்ற பழைய பொருள்களும் உண்டு, வில்லை வாங்கினான் என்பார்களே, அதுபோல. கூரைக்கு மேலே கிடைமட்டமாகப் போகிற காற்றை வளைத்துக் கீழே இழுப்பதுதான் இந்தக் கோபுரத்தின் முழு வேலையும்.

ஒரே ஒரு சிக்கல்: ஆள் வராத கடையையும் ‘காற்று வாங்குகிறது’ என்போம். அதற்காக ஒரு நல்ல சொல்லைக் கைவிட வேண்டியதில்லை. அறிவியல் நடையில் எழுதுபவர்கள் வளிவாங்கி என்று வைத்துக்கொள்ளட்டும். யஸ்தைப் பற்றி எழுதும்போது முதல்முறை மட்டும் பாத்கீர் என்று போட்டுவிட்டு, அப்புறம் காற்றுவாங்கி என்றே தொடரலாம். துபாய் வந்தால் பார்ஜீல் என்ற பெயரையும் ஒருமுறை சொல்லிவிடுங்கள்.