அடுத்த கோல் எது? விறைப்பான கோலுக்கு மாறும் பிள்ளைகளைப் பற்றி

வன்னிப் பாடசாலையொன்றின் விளையாட்டு அறையில் கோலூன்றிப் பாய்தலுக்கு இரண்டு பைபர் கோல் இருந்தாலே பெரிய காரியம். சின்னதில் பாய்ந்து பழகிய பிள்ளை வளர்ந்ததும் பெரியதை எடுத்துக் கொடுத்துவிடுகிறோம். இரண்டுக்கும் இடையிலுள்ள இடைவெளியை யாரும் கணக்குப் பார்ப்பதில்லை. கோலூன்றிப் பாய்தலில் மோசமான விழுகைகள் பல அந்த இடைவெளியில்தான் நடக்கின்றன.

முதலில் கோலில் எழுதியிருப்பதை வாசிக்க வேண்டும். நீளமும் எடையும் பெரிய எழுத்தில் இருக்கும்: 3.70 மீற்றர், 120 இறாத்தல் அல்லது 54 கிலோ என்று. அந்த எடை, மேல் நுனிக்கு அண்மையில், குறித்த இடத்தில் பிடித்துப் பாயும் வீரரின் ஆகக்கூடிய உடல் எடை. பக்கத்தில் சிறிதாக 20.4 போன்ற ஓர் எண்ணும் இருக்கலாம். கோலை இரு முனைப் பக்கமும் தாங்கி, நடுவில் 50 இறாத்தல் பாரம் தொங்கவிட்டால் எத்தனை சென்ரிமீற்றர் வளைகிறது என்பது அது. எண் கூடினால் கோல் மெதுமை, குறைந்தால் விறைப்பு. இதைத் தலைகீழாக விளங்கிக்கொள்பவர்கள் நிறையப் பேர். வேறு வேறு நிறுவனக் கோல்களையோ வேறு வேறு நீளக் கோல்களையோ இந்த எண்ணை வைத்து ஒப்பிடவும் கூடாது.

பிடிக்கும் இடம் மாறினால் விறைப்பும் மாறும். 15 செ.மீ. கீழே இறக்கிப் பிடித்தால் கோல் ஏறத்தாழ 10 இறாத்தல் விறைத்ததுபோல நடந்துகொள்ளும். அப்படியானால் 3.70 மீற்றர், 120 இறாத்தல் கோலில் பாயும் பிள்ளைக்கு 4.00 மீற்றர், 140 இறாத்தல் கோலைக் கொடுத்துப் பழைய உயரத்திலேயே பிடிக்கச் சொன்னால் என்ன ஆகும்? நுனியிலிருந்து 30 செ.மீ. கீழே பிடிப்பதால், கையிலிருப்பது 160 இறாத்தல் கோல் மாதிரி. எழுத்தில் 20 இறாத்தல் வித்தியாசம், பாய்ச்சலில் 40. அந்தப் பிள்ளைக்கு அது அடுத்த கோலே அல்ல. ஆறு எட்டு (காலடி) ஓடி, தாழப் பிடித்து, வளைக்காமல் பாயும் பயிற்சிக்கு மட்டும் அதை எடுக்கலாம்.

மாறும் நேரத்தைப் பிள்ளை விழும் இடம் காட்டும். குறுக்குத்தடியைத் தாங்கும் நிலைக்கம்பங்களை, கோல் ஊன்றும் பெட்டியின் பின்விளிம்பிலிருந்து 80 செ.மீ. வரை பின்னுக்குத் தள்ள விதி இடம் தருகிறது. 80இல் வைத்தும் மேலேறும்போதே குறுக்குத்தடியில் முட்டுகிறதா, மெத்தையின் பின்பாதியில் போய் விழுகிறதா, கோல் அளவுக்கு மீறி வளைகிறதா? இவை ஒரு நாளில் மட்டுமல்ல, இரண்டு மூன்று பயிற்சியில் தொடர்ந்து தெரிந்தால் கோல் போதவில்லை. உயரம் வரவில்லை என்பது மட்டும் காரணமாகாது. மெதுவாக ஓடும் பிள்ளைக்கு விறைப்பான கோல் உயரம் தராது. நிமிராமல் பாதியில் நின்று, பிள்ளையைப் பெட்டிக்குள்ளேயோ ஓடுபாதையிலேயோ திருப்பிப் போடும். மெத்தையின் பின்பக்கத்தால் உருண்டு விழுவதைவிட இதுதான் எங்களுக்குப் பயம்.

அடுத்த கோல் அதே நீளத்தில் 5 இறாத்தல் கூடியதாக இருப்பதுதான் சரி. எங்கள் அறைகளில் கிடைப்பது 15 கூடியதாக இருக்கும். அப்போது இடைப்படிகளைப் பிடியால் செய்துகொள்ள வேண்டும். தாழப் பிடித்தால் கோல் குறைவாக வளையும், ஆனால் நிமிர்வது இலகு. பிள்ளை மெத்தைக்குள் போய்விடும். ஆகவே குறுக்குத்தடி இல்லாமல், ஆறு எட்டு ஓட்டத்தில், வழமையைவிட அரை மீற்றர் வரை தாழப் பிடித்துத் தொடங்குங்கள். மூன்று பாய்ச்சல் தொடர்ந்து மெத்தையின் நடுவில் விழுந்தால் நாலு விரல் அகலம் பிடியை ஏற்றுங்கள். பிறகு எட்டு, பத்து என்று ஓட்டத்தை நீட்டலாம். ஒரே நேரத்தில் பிடியையும் ஓட்டத்தையும் மாற்றக் கூடாது. ஒரு தடவை கோல் நிமிராமல் நின்றாலும் ஒரு படி இறங்குங்கள். முழு ஓட்டத்துக்கு வரச் சில கிழமைகள் பிடிக்கும், பிடிக்கட்டும்.

புதுக் கோல் கையில் வந்ததும் பிள்ளையின் பழக்கம் மாறும். கடைசி எட்டுகளை நீட்டிப் போடும், வேகம் குறையும், மிதிக்கும் கால் மேல் கைக்கு நேர் கீழே வராமல் பெட்டிப் பக்கம் உள்ளே போய்விடும். கோல் வளையவில்லையே என்று கீழ்க்கையால் முட்டுக்கொடுத்துத் தள்ளும். வளைவு வருவது ஓட்ட வேகத்தாலும், ஊன்றும்போது இரு கையும் உயர்ந்து நிற்பதாலும்தான். உள்ளே மிதித்தால் கோலின் அடி முழுவதும் தோளிலும் முதுகிலும் இறங்கும். ஒருவர் மிதிக்கும் இடத்துக்குப் பக்கத்தில் நின்று காலை மட்டும் பார்க்க வேண்டும். ஆறு எட்டுக்கு முந்திய அடையாளத்தை இன்னொருவர் பார்த்தால் ஓட்டத்தில் எங்கே பிழைக்கிறது என்று தெரிந்துவிடும்.

காற்றையும் கவனியுங்கள். சோழகக் காற்று எதிரே அடிக்கும் நாளில் கோலை மாற்றவே வேண்டாம். முதுகுக்காற்றோ காற்றில்லாக் காலையோ பாருங்கள். கோல், பிடி உயரம், ஓட்ட எட்டுகள், நிலைக்கம்பத் தூரம், காற்று ஆகிய ஐந்தையும் ஒரு கொப்பியில் எழுதி வைத்தால், போட்டியன்று மனக்கணக்குப் போட வேண்டியிராது.

பழைய கோல் என்றால் ஒவ்வொரு பயிற்சிக்கு முன்னும் விரலால் தடவிப் பாருங்கள். ஆணிச் சப்பாத்து குத்திய பள்ளம், கிரவலில் இழுபட்ட கீறல், வெள்ளையாகத் தெரியும் கோடு எதிலாவது நகம் மாட்டினால் அந்தக் கோலைப் பாய்ச்சலுக்கு எடுக்காதீர்கள். வளையும்போது முறிவது அந்த இடத்தில்தான். பஸ் கூரையில் கொண்டுபோகும்போது துணி சுற்றி மூன்று இடத்தில் கட்டுங்கள். நுனி வெளியே ஆடக் கூடாது.

மாகாணப் போட்டியன்று பக்கத்துப் பாடசாலையிடம் கோல் இரவல் வாங்கும் வழக்கம் உண்டு. சர்வதேச விதிகள் கோலின் நீளத்தையோ பருமனையோ கட்டுப்படுத்துவதில்லை. அமெரிக்க உயர்நிலைப் பாடசாலைகளில் வீரரின் எடைக்குக் குறைந்த கோலைத் தடுப்பதுபோல, இங்கே நடுவர் வந்து பிழையான கோலைப் பறிக்க மாட்டார். பொறுப்பு முழுவதும் கோலை நீட்டும் ஆசிரியருடையது. இரவல் கோலில் முதற்பாய்ச்சல் போட்டிப் பாய்ச்சலாக இருக்க வேண்டாம். கேட்க முடிந்தால் இரண்டு கிழமை முன்னதாகக் கேட்டு வாங்குங்கள். முடியாவிட்டால் பிள்ளை பழகிய கோலிலேயே பாயட்டும்.