வொலியூம் கரகரத்தால்

விசுவமடுவில் அக்கா வீட்டுப் பாட்டுச் செற்றுக்குச் சுகமில்லை. வொலியூமைத் திருகினால் கரகரப்பு. ஒரு இடத்தில் இடது பக்கப் பெட்டி ஊமையாகிவிடும், குமிழை மயிரிழை தள்ளினால் திரும்பப் பாடும். "பழசு, புதுசு ஒண்டு வாங்குவம்" என்று அத்தான் முடிவே கட்டிவிட்டார். கரன்ற் இல்லாத காலத்தில் சைக்கிள் டைனமோவைச் சுற்றிச் சுற்றி றேடியோ கேட்ட ஊரில் இப்படி ஒரு பேச்சு! என் சந்தேகமெல்லாம் சோளகக் காற்று அள்ளிவந்த புழுதியில்தான்.

குமிழுக்குப் பின்னால் குதிரை லாட வடிவில் ஒரு காபன் பூச்சு இருக்கும். அதன் இரு முனையிலும் இரண்டு கால்கள். பூச்சை உரசியபடி ஓடும் சின்ன உலோக நாக்கு மூன்றாவது காலில் சேரும். பாட்டின் மின்னழுத்தம் ஒரு முனையில் நுழையும், மறுமுனை ஏர்த். குளக்கட்டுச் சரிவில் மேலே ஏறினால் உயரம் கூடும், இறங்கினால் குறையும் அல்லவா? நாக்கு நிற்கும் இடத்து மின்னழுத்தமும் அப்படித்தான். அதுவே அடுத்த கட்டமான அம்ப்புக்குப் (பெருக்கிக்கு) போய்ப் பெருகும். நாக்குக்கும் பூச்சுக்கும் நடுவே புழுதி புகுந்தால் தொடுகை விட்டுவிட்டு அறும். அந்த அறுபடலையும் சேர்த்தே அம்ப் பெருக்குகிறது, கரகரப்பு அதுதான். ஸ்டீரியோவில் ஒரே தண்டில் இரண்டு பூச்சுகள். அதனால்தான் ஒரு பக்கம் மட்டும் சாகிறது.

சரி, திறப்போம். முதலில் பிளக்கைக் கழற்றுங்கள், வருவது 230 வோல்ற். பெரிய கப்பாசிற்றர்கள் அதற்குப் பிறகும் மின்னைப் பிடித்து வைத்திருக்கும், அந்தப் பக்கம் கை போகவேண்டாம். கால்கள் வெளிவரும் இடைவெளியில் கொன்ராக்ட் கிளீனரை (தொடுகைகளைத் துடைக்கும் ஸ்பிரே) ஒரு சீறல் அடித்து, குமிழை முனைக்கு முனை முப்பது தடவை திருகிக் காயவிடுங்கள். தையல் மெசின் எண்ணெய் விடுகிறவர்கள் இருக்கிறார்கள். அது புழுதியைப் பிடித்துச் சேறாக்கும்.

பூச்சே தேய்ந்திருந்தால் மாற்றத்தான் வேண்டும். பழையதில் 'ஏ 50 கே' என்றிருந்தால் மின்தடை 50 கிலோ ஓம். அதைவிட முக்கியம் அந்த 'ஏ'. சத்தம் இரு மடங்காகக் காதுக்குப் பட, பவர் ஏறக்குறைய 10 மடங்கு கூடவேண்டும். ஆகவே 'ஏ' வகையில் குமிழ் பாதி திரும்பியும் மின்னழுத்தத்தில் 10, 15 சதவீதந்தான் வெளியே வரும். 'பி' வகையில் பாதிக்குப் பாதி. நானும் ஒருமுறை 'பி' போட்டுப் பார்த்தேன். குமிழைத் தொட்டாலே கோயில் திருவிழாதான்.

துடைத்த பிறகும் சுற்று முழுக்கக் கரகரத்தால், பூச்சுக்குப் பாட்டு வரும் வழியில் உள்ள கப்பாசிற்றர் நேர்மின்னை (டிசி) கசியவிடுகிறதா என்று பாருங்கள். கரன்ற் கொடுத்து அளக்கும் வேலை, கை பழகியவர் செய்யட்டும். பாட்டை நிறுத்திவிட்டு, பூச்சின் கால்களில் மீற்றரை நேர்மின் வோல்ற்றில் வைத்தால் பூச்சியத்தை ஒட்டிக் காட்டவேண்டும். அக்காவின் செற் பூச்சியமே காட்டியது. மூடியைப் பூட்டிவிட்டேன்.