“6ஜி முடிச்சிருக்கான் சார்”

போன வாரம் மணப்பாறைப் பக்கத்திலிருந்து ஒருவர் மகனைக் கூட்டிக்கொண்டு வந்தார். கையில் பிளாஸ்டிக் உறை, அதற்குள் பளபளவென்று லேமினேட் செய்த ஒரு தாள். “பையன் வெல்டிங்ல 6ஜி முடிச்சிருக்கான் சார். சென்னையில டெஸ்ட் வச்சு வேணும்னே கழிச்சுட்டாங்க. நீங்க ஒரு வார்த்தை சொல்லிவிடுங்க.” இருபது நாள் பயிற்சி, 45,000 ரூபாய் கட்டணம், ரெண்டு மாடு விற்ற காசு. இந்த வருஷம் இப்படி உறையோடு வந்தவர்களில் இவர் ஐந்தாவது ஆள்.

பையனிடம் ஒன்றே ஒன்று கேட்டேன். “ஆறு மணியில ராடை எந்தக் கோணத்துல பிடிச்சே?” அவன் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தான்.

வெல்டிங் தெரியாதவர்களுக்காக: ராடு என்பது உருகி இணைப்பில் சேர்கிற வெல்டிங் கம்பி. பைப்பின் குறுக்குவெட்டைக் கடிகார முகமாக நினைத்துக்கொள்ளுங்கள். அடிப்பக்கம் ஆறு மணி, உச்சி பன்னிரண்டு மணி. பைப்பை 45 டிகிரி சாய்த்து அசையாமல் மாட்டிவிட்டால் அதுதான் 6ஜி. பைப்பைத் திருப்பக் கூடாது, ஆள்தான் வளைந்து நெளிந்து சுற்றி வர வேண்டும். கீழே தலைக்கு மேல் போடுகிற மாதிரி இருக்கும், பக்கவாட்டில் ஏறும், உச்சியில் படுத்துவிடும். ஒவ்வொரு இடத்திலும் மணிக்கட்டு மாறணும்.

திருச்சி துவாக்குடிப் பக்கம் ஃபேப்ரிகேஷன் பட்டறைகளில் 11 வருஷம் நின்றுவிட்டுப் பயிற்றுநராக வந்தவன் நான். இத்தனை வருஷமாகத் தொண்டைத்தண்ணி வற்றச் சொல்லிக்கொண்டிருக்கிறேன், இன்னொரு தடவையும் சொல்கிறேன். 6ஜி என்பது பட்டம் இல்லை. படிப்பு இல்லை. பி.ஏ. முடித்தேன் என்பது போல “முடிக்கிற” சமாச்சாரமே இல்லை. அது ஒரு டெஸ்ட் பொசிஷனின் பெயர், அவ்வளவுதான்.

பாய்லர், பிரஷர் பைப் வேலைகளுக்கு ஏ.எஸ்.எம்.இ. (அமெரிக்க இயந்திரப் பொறியாளர் சங்கம்) ஒன்பதாம் பிரிவு என்று ஒரு விதிநூல் இருக்கிறது. வெல்டரைச் சோதித்துத் தேர்வு செய்கிற பொறுப்பை அது வேலை தரும் நிறுவனத்தின் தலையில்தான் வைக்கிறது. எந்த இன்ஸ்டிடியூட் தாளை நீட்டினாலும் கம்பெனிக்காரன் தன் கண் முன்னால் ஒரு பைப்பை வெல்டிங் போடச் சொல்வான். அதை எக்ஸ்ரே எடுப்பான், இல்லையென்றால் துண்டு துண்டாக வெட்டி வளைத்துப் பார்ப்பான். வளைந்த பக்கத்தில் 3 மில்லிமீட்டருக்கு மேல் வாய் பிளந்தால் அவ்வளவுதான். இதில் வேண்டுமென்றே கழிக்க என்ன இருக்கிறது? அந்தத் துண்டுக்கு உங்கள் பையன் யாரென்று தெரியாது.

தேறினாலும் அது ஆயுளுக்கும் வராது. ஒரு வகை வெல்டிங்கில் ஆறு மாசம் கை வைக்காமல் இருந்தால் அந்தத் தகுதி காலாவதி. டிக்கில், அதாவது ஆர்கான் வாயு விட்டுப் போடுகிற வெல்டிங்கில் தேறியவன் அதை வைத்து ராடு வெல்டிங்கில் நிற்க முடியாது. லேமினேட் செய்து வைக்க இது என்ன ரேஷன் கார்டா?

அப்படியானால் எங்கே கற்பது? அரசு ஐ.டி.ஐ.யில் வெல்டர் பிரிவு ஒரு வருஷம், எட்டாம் வகுப்புத் தேர்ச்சி போதும். தமிழ்நாட்டு அரசு ஐ.டி.ஐ.க்களில் கல்விக் கட்டணம் இல்லை, மாசம் 750 ரூபாய் உதவித்தொகையும் உண்டு. ரெண்டு மாட்டையும் விற்றிருக்க வேண்டியதில்லை என்று அந்த அப்பாவிடம் சொல்லவில்லை. சொல்லி என்ன ஆகப்போகிறது. அந்த ஒரு வருஷத்தோடும் நிற்காதீர்கள், அப்ரண்டிஸ் போங்கள். பட்டறையில் ஆயிரம் ராடு எரித்த பிறகுதான் கை சொன்னபடி கேட்கும். கையில் வேலை வந்தபின் மேலே போக விரும்பினால் திருச்சியிலேயே பெல் நிறுவனத்தின் வெல்டிங் ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது, அங்கே குறுகிய காலப் பயிற்சிகள் நடக்கின்றன.

தனியார் இடம் எல்லாமே மோசம் என்று நான் சொல்லவில்லை. சேரும் முன் உள்ளே போய்ப் பாருங்கள். ஒரு பூத்துக்கு, அதாவது வெல்டிங் போடுகிற தடுப்பறைக்கு, எத்தனை பேர்? ராடு காய வைக்க ஓவன் இருக்கிறதா? 7018 என்பது ஈரமே ஆகாத ராடு வகை, அதன் டப்பா திறந்தபடி ஈரத்தில் கிடந்தால் சத்தமில்லாமல் வெளியே வந்துவிடுங்கள். குப்பைத் தொட்டியை எட்டிப் பாருங்கள். வெட்டி வளைத்த துண்டுகள் கிடக்கணும். அது இல்லாத இடத்தில் யாரும் எதையும் சோதிக்கவில்லை என்று அர்த்தம்.

வளைகுடா வேலை என்று ஏஜென்ட் வந்தால், அவர் பதிவு பெற்றவரா என்று வெளியுறவு அமைச்சகத்தின் இ-மைக்ரேட் தளத்தில் பாருங்கள். அவர் வாங்கக்கூடிய சேவைக் கட்டணம் அதிகபட்சம் 30,000 ரூபாய், அதற்கு மேல் ஜி.எஸ்.டி. மட்டும். லட்சக்கணக்கில் கேட்டால் எழுந்து வந்துவிடுங்கள். விசிட் விசாவில் அனுப்புகிறேன், போனதும் மாற்றிக்கலாம் என்றால் கட்டாயம் வேண்டாம்.

பசங்களா, உங்களுக்கும் ஒன்று. கறுப்புக் கூலிங் கிளாஸ் வெல்டிங் கிளாஸ் ஆகாது. டாக்கு (துண்டுகளை நிறுத்தி வைக்கும் சின்னப் புள்ளி வெல்டிங்) போடும்போது “ஒரு செகண்ட்தானே” என்று கண்ணை மூடிக்கொண்டு அடிக்காதே. பகலில் ஒன்றும் தெரியாது, ராத்திரி பதினொரு மணிக்குக் கண்ணில் மணலைக் கொட்டியது போல எழுந்து உட்காருவாய். அப்போது தாய்ப்பால் விடு, உருளைக்கிழங்கு வை என்று வீட்டில் சொல்வார்கள். கேட்காதே, கண் டாக்டரிடம் போ. பாலியெஸ்டர் டீ-ஷர்ட்டோடு பூத்துக்குள் வராதே. பொறி பட்டால் துணி உருகித் தோலோடு ஒட்டிக்கொள்ளும், பிய்க்கும்போது ரெண்டும் சேர்ந்து வரும்.

மணப்பாறைப் பையனைத் திருப்பி அனுப்பவில்லை. முதல் மூன்று நாள் ராடையே தொட விடாமல் பெவல், அதாவது பைப் விளிம்பின் சரிவு, அதை மட்டும் கிரைண்ட் பண்ணச் சொன்னேன், முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டான். நேற்று முதல் பைப்பைப் போட்டு முடித்து, நாலு துண்டு வெட்டி வளைத்தோம். மூன்று தாங்கியது. பிளந்த துண்டைக் கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, “இது ஆறு மணித் துண்டு சார்” என்றான் அவனாகவே.