திசுவும் இழையமும்

மனித உடலின் அமைப்பைச் செல், திசு, உறுப்பு, உறுப்பு மண்டலம் என்று நான்கு படிகளாகத் தமிழ்நாட்டுப் பாடநூல்கள் வகுக்கின்றன. இவற்றுள் உறுப்பும் மண்டலமும் கேட்டவுடன் பொருள் விளங்குபவை. செல் பிறமொழிச் சொல் என்பதும் பலர் அறிந்ததே. திசு மட்டும் தமிழ்ச் சொல்லைப் போலவே ஒலிப்பதால், அதற்கு வேர் தேடுவோர் அரிது. உண்மையில் அது ‘டிஷ்யூ’ என்னும் ஆங்கிலச் சொல்லின் ஒலிபெயர்ப்பு.

ஒத்த அமைப்புடைய செல்கள், தமக்கிடையே உள்ள பொருளோடு சேர்ந்து, குறிப்பிட்ட பணியைச் செய்யும் தொகுதியே திசு. ஆங்கிலத்திற்கு அச்சொல் பழைய பிரெஞ்சிலிருந்து வந்தது. அங்கே அதன் பொருள் ‘நெய்யப்பட்டது’. நெய்தலைக் குறிக்கும் ‘டெக்ஸரே’ என்ற லத்தீன் வினையே அதற்கும் மூலம். பாரிசில் பணியாற்றிய மருத்துவர் சவியே பிஷா, 1800-இலும் 1801-இலும் வெளியிட்ட நூல்களால் இக்கருத்தை உடற்கூற்றியலில் நிலைநாட்டினார். நுண்ணோக்கியின் துணையின்றி, உடற்பகுதிகளை வேகவைத்தும் உலர்த்தியும் அழுகவிட்டும் அமிலத்தில் இட்டும் ஆராய்ந்து, 21 வகைத் திசுக்களை அவர் பிரித்தறிந்தார். வெந்த இறைச்சியைப் பிய்க்கும்போது அது நார் நாராகப் பிரிவதைக் கண்டவர்களுக்கு, உடலைப் பற்றிய பேச்சில் நெசவு ஏன் நுழைந்தது என்பது எளிதில் விளங்கும்.

இன்று மேலணி, இணைப்பு, தசை, நரம்பு என நான்கே அடிப்படை வகைகள். இரைப்பையின் சுவரிலேயே நான்கும் உள்ளன: அமிலம் சுரக்கும் உட்படலம், அதைத் தாங்கும் இணைப்புத் திசு, உணவைக் கடையும் தசை அடுக்குகள், அவற்றை இயக்கும் நரம்பு வலை.

இலங்கைத் தமிழ்ப் பாடநூல்கள் திசுவை ‘இழையம்’ என்றும் செல்லைக் ‘கலம்’ என்றும் வழங்குகின்றன. இழை என்றால் நூல். ஆகவே பிரெஞ்சுச் சொல்லில் இருந்த நெசவு, தமிழிலும் குலையாமல் நிற்கிறது. திசுவில் அது முற்றிலும் மறைந்துவிட்டது. ரத்தமும் ஒரு திசுவே; நூலே இல்லாத அதை இழையம் எனலாமா என்று கேட்கலாம். மூலச் சொல்லுக்கும் இதே கேள்வி பொருந்தும். மேலும், ரத்தம் உறையும்போது ஃபைப்ரின் என்னும் புரத இழைகளே வலையாகப் பின்னி அணுக்களைப் பிடிக்கின்றன. திசுக்களை ஆராயும் துறையின் ‘ஹிஸ்டாலஜி’ என்னும் கிரேக்கப் பெயரில் உள்ள ‘ஹிஸ்டோஸ்’ என்பதும் தறியையும் அதில் நெய்த துணியையும் குறிப்பதுதான். எனவே திசுவியலைவிட இழையவியலே எனக்குப் பொருத்தமாகப் படுகிறது. திசுவுக்குப் பழகிய மாணவர்களுக்கு எழுதுவோர், முதல் இடத்தில் ‘இழையம் எனப்படும் திசு’ என்று குறித்துவிட்டு, பின்னர் இழையம் என்றே தொடரலாம்.